முப்பத்தேழு குழிச் சக்கரம்

டீ குடிக்கும் முன் ஏசுதாஸ் அண்ணன் கிளாஸை மேசையில் வைப்பார். கன்னம் பலகையில் படும் அளவு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிளாஸைச் சுற்றியுள்ள கோட்டோடு டீயின் விளிம்பு ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் குடிப்பார். இல்லையென்றால் மேசையைத் திட்டிவிட்டுக் குடிப்பார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை விடுதியில் ஏசியும் மோட்டாரும் பழுது பார்ப்பவர். எனக்கு அந்த ஒற்றைக் கண் பிடிக்காது. எதையோ கணக்குப் பண்ணுகிற கண்.

போன வருடம் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் வளையம் எறியும் கடை அவருடையது. ஒரு வளையம்கூட சோப்பு டப்பாவின் மேல் முழுதாக விழவில்லை. வேண்டுமென்றே சின்ன வளையம் வாங்கினார் என்று பேச்சு கிளம்பி, ‘ரிங்கு ஏசுதாஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ரேஷன் வரிசையில் அவர் மனைவி ஹெலன் ‘ரிங்கு வூட்டம்மா’ ஆனார். அந்தப் பெயரைக் கழுவத்தான் இந்த வருடமும் அவர் கடை கேட்டார். கமிட்டி கொடுத்துவிட்டு, வாலிபர் சங்கச் செயலாளனான என்னிடம், “அவர்மேல ஒரு கண்ணு வெச்சிக்கோ” என்றது. வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுலபம்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னாலேயே அவர் சபை ஹாலுக்குக் கொண்டுவந்தது, விடுதி அறையில் யாரோ விட்டுப்போன வீட்டு ரூலெட். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் கருப்பு பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே சுழலும் வட்டு, விளிம்பில் சைபரிலிருந்து முப்பத்தாறு வரை முப்பத்தேழு குழிகள், இரண்டு எஃகு குண்டுகள், எண் கட்டங்கள் போட்ட பச்சைத் துணி. கட்டத்தில் டோக்கன் வில்லையை வைத்துவிட்டு, குண்டு அதே எண் குழியில் விழுந்தால் பரிசு.

“இந்த ஆட்டம் எங்கேர்ந்து தம்பி வந்துச்சு? நீதான் புக்கு படிக்கிறவனாச்சே,” என்றார் அண்ணன்.

பிரெஞ்சில் ‘சின்னச் சக்கரம்’ என்று அர்த்தம், நிற்காமல் சுழலும் சக்கரம் செய்யப் பார்த்த பாஸ்கல் என்ற கணித அறிஞரிடமிருந்து வந்ததாக ஒரு கதை உண்டு என்றேன்.

“பாஸ்கலா? பிரஷருக்குப் போடறாங்களே, அந்தாளு பேரா?” சிரித்தார். “நிக்காம சுத்தறதுக்குச் செஞ்சான். நம்மாளு அது நிக்கிற எடத்துக்குப் பந்தயம் கட்டறான் பாரு!”

ஞாயிறு பள்ளி டீச்சர் பிரிசில்லா சிரிக்கவில்லை. ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை போனில் கூட்டிப் பார்த்திருந்தார். “அறுநூத்தி அறுபத்தாறு வருது. பைபிள்ல, வெளிப்படுத்தல்ல இன்னா போட்டுக்கீது? மிருகத்தோட நம்பர். இதப் போய் சபைக்குள்ள வெக்கறீங்களே!”

“டீச்சர், உங்க போனுக்குள்ளயும் ஆறு கீது. மூணு வாட்டி அமுத்தினா அதுவும் மிருகமா?” என்றார் ஏசுதாஸ் அண்ணன்.

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அண்ணன் பையில் ஒரு நோட்டு இருந்தது, அவர் திறந்தபோது எட்டிப் பார்த்திருந்தேன். பக்கம் முழுக்க எண்கள். பதினேழு மட்டும் திரும்பத் திரும்ப, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம்.

பண்டிகைக்கு முந்தின சனி, மத்தியானம். சபை ஹாலில் அவர் தனியாகச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். கிண்ணத்தின் நடுவில் டீ கிளாஸை வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடினார். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு தாளை நாலாக மடித்து, வாசல் பக்கமாகக் கிண்ணத்துக்கு அடியில் சொருகினார்.

போய்ப் போதகரிடம் சொன்னேன். பதினேழையும் சொன்னேன்.

சாயங்காலமே கடை ரத்தானது. பிரிசில்லா டீச்சர், “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். ஏசுதாஸ் அண்ணன் தாளை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். “மேசை சரியில்லன்னு நெனச்சி வெச்சேன் ஐயா,” என்றார். யாரும் நம்பவில்லை. நானும்தான். மறுநாள் பண்டிகைக்கு அவர் வரவில்லை. இப்போது கல்பாக்கம் பக்கம் வேறொரு சபைக்குப் போகிறார். பெயர் அங்கேயும் போய்விட்டதாகக் கேள்வி.

கிறிஸ்துமஸுக்கு ஹாலைக் கழுவினோம். நான் ஊற்றிய வாளித் தண்ணீர், ஒருவரும் தள்ளாமலே, அவர் மேசை கிடந்த இடத்தைத் தாண்டி வாசல் பக்கம் ஓடியது. கொத்தனார் பெஞ்சமினிடம் கேட்டேன்.

“கழுவி வுட சுளுவா இருக்கட்டும்னு நான்தான் வாசப்பக்கம் தரைய ஒரு விரக்கடை எறக்கிப் போட்டேன்,” என்றார். “ஏசுதாஸ் ஒருத்தன்தான் அதக் கண்டுபுடிச்சி, பண்டிகைக்கு மொத வாரமே வந்து, ‘குண்டு பதினேழுலயே போய் வுழுதே, தரை சாயுதா’ன்னு கேட்டுகினு போனான்.”