ஒற்றைச் சாவி

மிருணாளினி கல்யாணமாகி வேலூரிலிருந்து மெல்பர்னுக்கு வந்தபோது, பால் வாங்கக் கடைக்குப் போவதென்றாலும் கணவன் பிரதீப்குமாரைக் கேட்டுக்கொண்டுதான் போவாள். பிறகு முதியோர் பராமரிப்புப் படிப்பை முடித்தாள். கார் ஓட்டப் பழகினாள். கிரான்பர்ன் சுற்றுவட்டாரத்தில் தனியாக இருக்கும் கிழவர் கிழவிகளை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டு வரும் வேலை கிடைத்தது. அதற்காகப் பிரதீப்குமார் தன்னுடைய பழைய வெள்ளைக் காரை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். வண்டியின் பதிவு, அங்கே ரெஜோ என்பார்கள், அவன் பெயரிலேயே இருந்தது. மாற்ற வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் தனியாக, மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். கும்பிட்டுவிட்டு உடனே திரும்ப மனமில்லாமல் மலைப்பாதையில் மேலே ஏறி, பெரிய மரங்களுக்கு நடுவில் ஒரு கடையில் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சந்தோஷமாக அதைச் சொல்லவும் செய்தாள்.

"யாரோட போன?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று தினமும் பார்க்கத் தொடங்கினான். அவன் கத்துகிறவன் இல்லை. கை நீட்டியதும் இல்லை. குரலை உயர்த்தாமல், சாப்பிட்டுக்கொண்டே கேட்பான். "இன்னிக்கு எங்க சுத்தின?"

குளிர்காலத்து மழை ஒரு வாரம் விடாமல் கொட்டியது. அந்த வாரக் கடைசியில், வாசலில் நின்ற கார் கிளம்ப மறுத்தது. மிருணாளினி சிறியைக் கூப்பிட்டாள். சிறி யாழ்ப்பாணத்துக்காரர். வேனில் லேப்டாப்பும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு வீடு தேடிவந்து காரின் மின்வேலைகளைப் பார்த்துக் கொடுப்பவர். முன்மூடியைத் திறந்து, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"இலை அடைச்சு மழைத்தண்ணி உள்ளுக்க இறங்கியிட்டுது தங்கச்சி. வேற கம்ப்யூட்டர்தான் போடவேணும். போட்டா மட்டும் காணாது, புரோகிராம் பண்ணவும் வேணும். நான் வாற அண்டைக்கு வீட்டில இருக்கிற திறப்பெல்லாத்தையும் எடுத்து வையுங்கோ."

"திறப்புன்னா சாவியா அண்ணா?"

"ஓம், சாவிதான். எந்தச் சாவியைக் காட்டிக் குடுக்கிறமோ அதைத்தான் புதுக் கம்ப்யூட்டர் நம்பும். மற்றச் சாவியளுக்கு இன்ஜின் ஓடாது."

இரண்டு சாவிகள் இருந்தன. அவளுடையது ஒன்று, அவனுடையது ஒன்று. சிறி வருவதாகச் சொன்ன நாளில் பிரதீப்குமாருக்கு வீட்டிலிருந்தே வேலை. மிருணாளினி தன் சாவியைச் சமையலறைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "ரெண்டையும் அவர்கிட்ட குடுத்துடுங்க, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். தலையை ஆட்டினான்.

மாலையில் வந்து பார்த்தபோது கார் வேலை முடிந்து நின்றது. ஆசையாகக் கொக்கியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திருகினாள். இன்ஜின் ஒரு கணம் உறுமி அணைந்தது. மறுபடி திருகினாள். மறுபடியும் அணைந்தது. முன்பலகையில் பூட்டுப்படம் ஒன்று சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது.

காரில் உட்கார்ந்தபடியே சிறிக்குப் போன் செய்தாள். தன் சாவிக்கு இன்ஜின் ஓடவில்லை என்றாள்.

"உங்கட திறப்பு பஸ்ஸில துலைஞ்சு போச்செண்டல்லோ பிரதீப்குமார் தம்பி சொன்னவர். துலைஞ்சதை அழிச்சு விடுங்கோ, ஆராவது எடுத்தாக் காரைக் கொண்டு போயிடுவாங்கள் எண்டார். உங்களிட்ட அதைப் பற்றிக் கேக்க வேண்டாம், அழுவியள் எண்டும் சொன்னவர்."

"வீட்லதான் இருந்துச்சு அண்ணா. கொக்கியில."

"குசினிக் கொக்கியில ஒரு திறப்புத் தொங்கினதைக் கண்டனான்," என்றார் சிறி மெதுவாக. "கேப்பமோ எண்டு நினைச்சன். தம்பி பக்கத்தில நிண்டவர். கேக்க ஒரு மாதிரியா இருந்தது."

"இப்ப வந்து சேர்த்துக் குடுக்க முடியுமா?"

"சின்ன வேலைதான். ஆனா அவற்ற திறப்பும் வேணும், ரெஜோவும் அவற்ற பேரில. அவர் ஓமெண்டாமல் நான் கை வைக்கேலாது. இருங்கோ, நான் தம்பியோட கதைச்சுப் பாக்கிறன்."

"வேண்டாம் அண்ணா. தயவுசெஞ்சு பேசாதீங்க."

நல்ல மனுஷர். அவர் பேசினார்.

சாப்பாட்டு மேசையில் பிரதீப்குமார் கையை நீட்டினான். "சாவியக் குடு." கொடுத்தாள். எழுந்து போய்ச் சமையலறைக் குப்பைத்தொட்டியில் அதைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். "வேலைக்காகாத சாமான் வீட்ல எதுக்கு? எங்க போகணும்னாலும் சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன். ரசம் ஊத்து."

மறுநாள் அவள் பியர்ஸ்டேலில் இருக்கும் டோரத்தியின் வீட்டுக்குப் போகவேண்டிய நாள். தொண்ணூறு வயது, கண் தெரியாது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. காலையில் மிருணாளினி கேட்டாள். மீட்டிங் இருக்கிறது என்றான். மத்தியானம் கேட்டாள். "பார்க்கலாம்" என்றான். கம்பெனிக்குப் போன் செய்தாள். மாற்றாள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பவில்லை. காத்துக் காத்துப் பார்த்த கிழவி, தானே குளிக்கலாமென்று போய் ஈரத்தரையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து விடியும்வரை அங்கேயே கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. சொந்த வண்டி இல்லாதவருக்கு எங்களிடம் வேலை இல்லை என்று கம்பெனியும் மரியாதையாகச் சொல்லிவிட்டது.

மிருணாளினி அழுதாள். பிரதீப்குமார் டிவியை நிறுத்தாமலே சொன்னான்: "கெழவிக்குத் தொண்ணூறு வயசாச்சு. நீ போய்த் தண்ணி ஊத்தியிருந்தா இன்னும் இருபது வருஷம் இருந்திருப்பாளா?"

அன்றோடு அவள் அழுவதை விட்டாள். நடக்கும் தூரத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை கேட்டு வாங்கினாள். விடிகாலைக் காற்றில், தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு நடந்து போவாள். பிரதீப்குமார் அதே வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு வந்து, அவள் பக்கத்திலேயே நடை வேகத்தில் ஓட்டுவான். கண்ணாடி இறங்கும்.

"ஏறு. நாலு பேர் பார்க்கறாங்க."

அவள் திரும்ப மாட்டாள். ஹாரன் அடிப்பான். பின்னால் வருகிற வண்டிக்காரர்களும் அடிப்பார்கள். மழை நாட்களிலும் அப்படித்தான். அவள் நனைந்துகொண்டு நடக்க, அவன் ஹீட்டர் போட்ட காரில் கூடவே வந்து, இல்லத்து வாசல் வரை விட்டுவிட்டுத் திரும்புவான்.

வசந்தம் வருவதற்குள் அவள் துணிமணியை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு, கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டில், டாண்டனாங்கில் ஓர் அறைக்குப் போய்விட்டாள். பிரதீப்குமார் தேடி வரவில்லை. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் வருத்தமாகச் சொன்னான்: "கார்கூடக் குடுத்திருந்தேன். அதுலதான் கெட்டுப் போனா." பாவம், தங்கமான பையன் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சிறியும் அங்கே இருந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வேனுக்குப் போனார்.

வேலூரிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். "அவர் அடிச்சாரா? குடிச்சாரா? ஒரு சாவிக்காகவாடி வீட்டை விட்டு வந்த? கேட்டா குடுத்திருக்க மாட்டாரா?"

மிருணாளினி போனைக் கட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தாள். அம்மாவின் குரல் போர்வைக்குள் பேசிக்கொண்டே இருந்தது. சலவை அறை வேலைக்கு நேரமாகிவிட்டது. சால்வையைச் சுற்றிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினாள்.