குளிர்நாட்டுப் பனையின் குருத்து

பாளையங்கோட்டை வெயிலில் குளிர்நாட்டுப் பனை வளர்க்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துக்கொள்ளட்டும். கொடைக்கானலில் டீச்சராக இருக்கும் என் தங்கை கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கொண்டுவந்த கன்று அது. உறைபனியிலும் நிற்குமாம், வெயில்தான் ஆகாதாம். "ஒரு கோடை தாண்டிட்டா பிழைச்சிரும்க்கா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குளியலறைச் சுவரோரம் நிழலில் நட்டேன். நம்மூர்ப் பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. இதற்கு நான் காலையும் மாலையும் ஊற்றினேன். நானும் டீச்சர்தான்; பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுமுன் அதைத்தான் பார்ப்பேன். மூன்றாம் மாதம் நடுவில் ஒரு குருத்து முழ உயரத்துக்கு நிமிர்ந்து வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். குருத்தோலை ஞாயிறு வந்தது. வருஷாவருஷம் யார் தோட்டத்துப் பனையிலோ வெட்டிய ஓலையை ஆலய வாசலில் வாங்கிப் பிடித்துக்கொண்டு பவனி போவோம். இந்த வருஷம் நம் வீட்டு ஓலை போகட்டுமே என்று அரிவாளை எடுத்துக் குருத்தை நறுக்கிவிட்டேன். பாட்டையும் அன்றைக்குச் சத்தமாகத்தான் பாடினேன்.

மத்தியானம் அந்த ஓலையைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"எக்கா, குருத்தையா வெட்டுன? அதுக்கு இருக்கதே அந்த ஒண்ணுதான. அடியில இருக்க உசிருல வெட்டு பட்டிருந்தா அவ்வளவுதான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் வேறு, "பனிக்குத் தாங்கிச்சு, வெயிலுக்கும் தாங்கிச்சு. ஒனக்குத்தான் தாங்கலை" என்றார். அன்றைக்கு அவருக்குக் காபி கிடையாது.

தங்கை ஒரு வழி சொன்னாள். மிச்சக் குருத்துக்கும் பக்கத்து மட்டைக்கும் சேர்த்து, ஸ்கெட்ச் பேனாவால் குறுக்கே ஒரே கோடு போட வேண்டும். குருத்தின் கோடு மட்டும் மேலே ஏறினால் உயிர் இருக்கிறது. பத்து நாள் அசையவில்லை. பதினோராம் நாள் காலையில் பார்த்தால், நெல்லளவு ஏறியிருந்தது.

"ஏங்க, இங்கன வாங்க, சீக்கிரம்."

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷோடு ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். "ஏட்டி, ஏறிருக்கு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனி மாதம் தங்கை வந்தாள். குருத்து அதற்குள் ஓலையாக விரிந்திருந்தது; அரிவாள் பட்ட நுனி மட்டும் கத்தரித்ததுபோல் நேராக இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அரிவாளை எங்க வச்சிருக்க?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஊருக்குத் திரும்பும்போது பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.