தெருவேலில் பூட்டிக் கிடக்கும் வீடு

என்னோடு உணவகச் சமையலறையில் கோப்பை கழுவுகிறவன் ஸ்பெயின்காரன், தெருவேல் மாகாணத்து ஆள். அங்கே மலையும் வெட்டைவெளியும்தானாம். முந்தி சண்டை நடந்ததாம். பிறகு வேலை தேடிச் சனமெல்லாம் பட்டணங்களுக்குப் போய்விட்டதாம். அவனுடைய தகப்பனின் வீடும் பூட்டிக் கிடக்குது.

"நீ போய் இரு, வாடகை வேண்டாம்" என்றான்.

அன்றைக்கு வேலை முடிந்து, வீடு இருக்கிற மோர்டென்ஸ்ருட் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இருக்க முடியவில்லை. ஒஸ்லோவுக்கு வந்து முப்பது வருசம், இன்னும் கால் தரிக்குதில்லை.

வீட்டில் மனிசியிடம் சொன்னேன்.

"அங்கையும் பனி கொட்டுமோ?"

"ஓம், கொட்டுமாம்."

"அந்த ஊர்க்காரனே இஞ்சை வந்து கோப்பை கழுவுறான். நீங்கள் அங்கை போய் என்னத்தைக் கழுவப் போறியள்?"

அடுத்த நாள் வேலையில் அவனிடம், எங்கள் ஊர் வீட்டில் போல அந்த வீட்டிலும் கிணறு இருக்குதா என்று கேட்டேன்.