முகம் பார்க்காததற்குப் பூச்சியம்

நல்ல சமையல்காரர் ஒருவரின் பிழைப்பை நான் கெடுத்தேன். சிறையிலிருந்து வெளிவருபவர்கள் வேலைக்குத் தயாரா என்று புள்ளியிடுவது, ஓய்வுக்குப் பின் நான் ஏற்ற பணி. யோகன் சிறைக்குள் ஐந்து வருடம் சமைத்தவர். அவருடைய மீன்கறிக்கு முழுப்புள்ளி போட்டேன். ஆனால் கைகளைப் பின்னால் கட்டி, நிலத்தைப் பார்த்தே பதில் சொன்னார். 'முகம் பார்த்துப் பேசுதல்' என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டேன். அதைக் காட்டியே பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் அவரை மறுத்தது.

ஆறு மாதம் கழித்து, வேலை கிடைத்ததா என்று பதிய அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி வாசல் படலையிலேயே மறித்தார்.

"ஜெயிலுக்குள்ள நிமிந்து பாத்தா அடி விழும் சேர். குனிஞ்சு பழகின மனிசனுக்கு முட்டை போட்டிருக்கீங்களே! கண்ணாலயா கறி ஆக்குற?"

ஏன் குனிகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காத என்மீது இன்றும் ஆத்திரம் கொதிக்கிறது. அந்தக் கட்டத்தை நீக்கச் சொன்னேன், அலுவலகத்தில் சிரித்தார்கள். ஹோட்டலில் மன்றாடினேன், ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். பணியை விட்டுவிட்டு யோகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

இப்போது செங்கலடிச் சந்தியில் இடியப்பம் விற்கிறார். வருகிறவர்களை நிமிர்ந்து பார்த்து, அவர்கள் சிரிக்கப் பகிடி விடுகிறார். நான் போய் நின்றால் மட்டும் அவர் கைகள் பின்னால் போய்விடுகின்றன.