நேபோ மலையில் என்னை விட்டுவிட்டுப் போன பஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பைபிளில் வரும் இடங்களைப் பார்க்கும் பரிசுத்த பூமி பயணத்துக்கு நானும் என் கணவரும் பதிவு செய்திருந்தோம். கிளம்புவதற்கு முந்தின மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் வற்புறுத்தியதால் நான் மட்டும் போனேன். எகிப்து, சீனாய் முழுக்க பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. மற்றவர்கள் ஜோடியாக வந்தவர்கள். வலியப் போய்ப் பேச எனக்கு வரவில்லை.

ஜோர்தானில் நேபோ மலைக்குப் போனோம். கடவுள் தருவதாகச் சொன்ன வாக்குத்தத்த தேசத்தை மோசே தூரத்திலிருந்து பார்த்துவிட்டு இறந்த இடம். என் கணவருக்கு அந்தப் பார்வைகூடக் கிடைக்கவில்லையே என்று ஓரமாக நின்று அழுதேன். திரும்பி வந்தால் பஸ்ஸைக் காணோம். பாஷை தெரியாது, பாஸ்போர்ட்டும் கைடிடம் இருந்தது. வாசலில் குளிர்பானம் விற்றவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என்னை யாராவது தேடுவார்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து பஸ் வந்தது. கைடாக வந்த போதகர் ஓடிவந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. பக்கத்து சீட்காரங்க இருக்காங்களான்னு கேட்டேன், எல்லாரும் இருக்காங்கன்னாங்க. சாப்பிட இறங்கினப்பதான் தெரிஞ்சுது."

"என் பக்கத்துல யாரும் இல்லையே ஐயா" என்றேன்.

பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தன் கணவரை விட்டு எழுந்து வந்தார். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா" என்றார். பயணம் முடியும்வரை அங்கேயேதான் உட்கார்ந்தார்.

இப்போது சபையில் எந்த ஊருக்கு பஸ் பிடித்தாலும், தனியாக வந்திருப்பவர் யாரென்று முதலில் பார்க்கிறேன். அவர் பக்கத்தில்தான் என் பையை வைக்கிறேன்.