படிக்கட்டுக்குக் கீழே ஒரு நீலச் சிலிண்டர்

கவரைப்பேட்டையில் வீடு பார்க்கப் போன அன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு வார விடுமுறை, சும்மா இருந்தேன், நானே ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். வாங்குவது என் கணவர், பார்த்துச் சரி சொல்வது மாமியார். நான் உப்புக்குச் சப்பாணி.

எங்களுக்கு மாளிகை வேண்டாம், நல்ல தண்ணீர் இருந்தால் போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் பருப்பு வேகாது. ஆறு விசில் விட்டாலும் கேஸ் தீர்ந்ததுதான் மிச்சம். மாமியார் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர். ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் அந்தக் கிணறு எங்கள் பேச்சில் வந்துவிடும். வாடகை வீடென்றால் காலி செய்துவிட்டுப் போகலாம். கடன் போட்டு வாங்கிய வீட்டில் தண்ணீர் சரியில்லையென்றால் எங்கே போவது?

தரகர் கெட்டிக்காரர். கதவைத் திறந்ததும் ஹாலைக் காட்டவில்லை, நேராகக் குழாயைத் திறந்து மாமியார் கையில் ஒரு சோப்பைக் கொடுத்தார். நுரை பொங்கி முழங்கை வரை வழிந்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. இந்த வீடே இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

நானும் கை கழுவினேன். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கையில் வழவழப்புப் போகவில்லை. அந்த வழவழப்பை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்கே தெரியும் என்று உடனே பிடிபடவில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே என்ன என்று மாமியார் கேட்க, தரகர் வேண்டாவெறுப்பாகத் திறந்தார். என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு நீலச் சிலிண்டர், தலையில் கைப்பிடி வைத்த கறுப்பு வால்வு, பக்கத்தில் மூடி போட்ட டிரம். ஆயுத பூஜைக்கு யாரோ சிலிண்டருக்கு மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மாமியார் டிரம்மைத் திறந்தார். வாய் வரைக்கும் கல்லுப்பு. உடனே செருப்பைக் கழற்றிவிட்டு அந்த உப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"புது ஊட்டுக்கு மொதல்ல உப்புதான் எடுத்தாருவோம். இவங்க டிரம்மு நெறைய வெச்சிக்கினு கும்பிட்டிருக்காங்க. லட்சுமி இருக்கற ஊடு நைனா இது" என்றார் மகனிடம். என் கணவரும் செருப்பைக் கழற்றினார்.

தரகர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். ஆமாம்மா, வாஸ்துவுக்கு வைத்தது, அந்த மூலையில் இது இருந்தால் தண்ணீர் வற்றாது என்று அடித்து விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் ஒரு மிஷினையே மகாலட்சுமிக்குப் பின்னால் மறைத்தார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கம்பெனியில் நான் நான்கு வருடமாக பாய்லர் பக்கம் இருக்கிறேன். வீட்டில் கேட்டால், இன்னாவோ மோட்டார் பாக்கறா என்பார்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீர் எங்களிடம் இதே மாதிரிச் சிலிண்டருக்குள் போய்த்தான் வரும், ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே. சாஃப்ட்னர் என்போம். உள்ளே குருணை குருணையாக இருக்கும் ரெசின் பருப்பை வேகவிடாத, சோப்பை நுரைக்கவிடாத கடினத்தன்மையைத் தண்ணீரிலிருந்து பிடித்துக்கொள்ளும். அது களைத்துப்போனால் உப்புத் தண்ணீர் ஏற்றிக் கழுவினால் மறுபடி வேலை செய்யும். ஷிப்டுக்கு ஒரு தரம் அதைக் கழுவுகிற கை இது. அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கிவிட்டது.

இது வாஸ்து இல்லை, சாஃப்ட்னர், இந்த வீட்டு போர் தண்ணீர் கெட்ட தண்ணீர் என்றேன். தரகர் சிரித்தார். லேடீஸுக்கு இதெல்லாம் எதுக்கு மேடம், நாளைக்கு ஒரு பிளம்பரைக் கூட்டி வந்து கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

சிலிண்டர் தலையிலிருந்த கைப்பிடியை அழுத்தி பைபாஸில் திருப்பினேன். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அந்த வால்வு வழியாகத்தான் வீட்டுக்குள் போனது. இனி தண்ணீர் சிலிண்டருக்குள் போகாமல் அப்படியே வரும். குழாயில் தங்கியிருந்தது தீரட்டும் என்று இரண்டு பக்கெட் பிடித்துக் கொட்டிவிட்டு அதே சோப்பை மாமியாரிடம் கொடுத்தேன். தேய்த்தார், இன்னும் தேய்த்தார். நுரைக்குப் பதிலாகத் திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள்தான் கையில் ஒட்டின.

தரகர் வெளியே போய் வீட்டுக்காரருக்கு போன் போட்டுவிட்டு, முகம் சுருங்கித் திரும்பி வந்தார். வீடு கட்டிய மூன்றாம் வருடமே போர் தண்ணீர் மாறிவிட்டதாம், அதற்குத்தான் மிஷினாம். என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வா போகலாம் என்று கிளம்பினார். நான் சொன்னது சரியென்று ஆனதில் எனக்கோ அந்த இடத்தில் கத்த வேண்டும் போல அவ்வளவு சந்தோஷம். ஆனால் கிளம்ப மனசில்லை.

"இந்தப் பக்கம் எந்த ஊட்டுக்குப் போனாலும் இதே தண்ணிதான்" என்றேன். "அங்க இந்த மிஷினு இருக்காது. இங்க இருக்குது, நல்லாவும் ஓடுது. ஓட்டத் தெரிஞ்ச ஆளும் நம்மளாண்டயே இருக்குது."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பருப்பு வேகுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேகும் என்றேன். குடிக்க மட்டும் கேன் வாங்க வேண்டும், மற்றதுக்கெல்லாம் நான் ஆச்சு. வாஸ்துவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கிளறவில்லை.

பத்திரம் முடிந்த அன்று தரகர் சாவிக்கொத்தை என் கணவரிடம் நீட்டினார். மாமியார் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"அவனாண்ட இன்னாத்துக்குக் குடுக்கற? அவனுக்கு இன்னா தெரியும்? மிஷினு ஓட்றவ எம்மருமவ. அவளாண்ட குடு."

தரகர் சாவியை என்னிடம் கொடுத்தார், மேடம் என்று சொல்லித்தான் கொடுத்தார். வேலை நிரந்தரமான அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை. நானே போய் வீட்டைத் திறந்தேன், அவர்கள் இருவரும் என் பின்னால் வந்தார்கள்.