குளிர்ல மட்டும் திறக்கிற கண்ணு

எங்க அத்தைக்கு மீன் பேக்கிங் கம்பெனியில வேலை. நாள் பூரா குளிர் அறைதான். கம்பளிக் குல்லா, ரப்பர் பூட்ஸ், ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு சட்டை. ஐஸை அள்ளிக் கொட்டி மீனை அடுக்கறதுல அவங்க வேகத்துக்கு யாரும் கிட்ட நிக்க முடியாது.

அதே அத்தை வீட்டு அடுப்பு முன்னாடி நின்னா இடது இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கிடும். கரண்டி கையில நிக்காது. மாமா சும்மா விடுவாரா? மூக்கால இழுத்து, "கம்பெனில கண்ணு பளிச்! அடுப்பைக் கண்டா மட்டும் மகாராணிக்குத் தூக்கம் வந்துடுமா?"ம்பார். நான் அதை அவர் குரல்லயே திருப்பிச் சொன்னா அத்தையும் சிரிப்பாங்க. கொஞ்ச நாளா அந்தச் சிரிப்பு உறுமற மாதிரி வந்துச்சு. அதையும் நடிப்புன்னுதான் நினைச்சோம்.

ஒரு சாயங்காலம், தாங்க முடியாத புழுக்கம். அத்தை குடிச்ச தண்ணி மூக்கு வழியா வந்துச்சு. ஏதோ சொன்னாங்க, குரல் கொழகொழன்னு கரைஞ்சுது. யார் குரலும் என் வாய்க்கு வரும். அந்தக் குரலைத் தொட எனக்கு பயமா இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கையுறைக்குள்ள ஐஸைப் போட்டு இமைமேல வச்சாங்க. கொஞ்சம் பொறுத்து எடுத்தா, கண்ணு திறந்திருக்கு!

"பாத்தீங்களா டாக்டரம்மா, ஐஸைக் கண்டாத்தான்..."ன்னு ஆரம்பிச்சார் மாமா.

"நடிப்பு இல்லைங்க. அசைன்னு சொல்ல நரம்பு ஒரு ரசாயனத்தை அனுப்பும். அதை வாங்கிக்க தசைமேல ஏற்பிகள் இருக்கு. வாங்கினாத்தான் தசைக்குச் சேதி போகும். இவங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே தப்பா அந்த ஏற்பிகளை அடைச்சு அழிச்சுக்கிட்டிருக்கு. வாங்க ஆளில்லாம ரசாயனம் சிதைஞ்சு போகுது. குளிர்ல மெதுவா சிதையும், மிச்ச ஏற்பிங்களுக்கு வாங்க நேரம் கிடைக்கும்."

"கண்ணு மட்டும்தானே?"ன்னார் மாமா.

"மூச்சு விடறதும் தசைதாங்க."

டாக்டரம்மா அத்தை பக்கம் திரும்பினாங்க.

"ஒரே மூச்சுல எவ்வளவு பேசறீங்கன்னு பார்க்கணும். மனசுல இருக்கறதை நிறுத்தாம சொல்லுங்கம்மா."

அத்தை நேரா மாமாவைப் பார்த்தாங்க. "அடப்பாவி மனுஷா, நான் நடிக்கிறேன்னு ஊரெல்லாம்..."

அவ்வளவுதான். வாய் அசையுது, சத்தம் இல்லை. தோள் ரெண்டும் காத்தைத் தேடி மேல ஏறுது.

மூச்சு மெஷினைக் கட்டில்கிட்ட தள்ளிட்டு வந்தாங்க. அந்த ரசாயனம் சீக்கிரம் சிதையாம இருக்க ஊசி போட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மாமா கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "இன்னொரு தடவை திட்டுடி. முழுசா திட்டு"ன்னார்.

"அடப்பாவி மனுஷா, நான் நடிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே..."

இந்தத் தடவை ரெண்டு வார்த்தை கூடுதலா வந்துச்சு. டாக்டரம்மா தலையாட்டினாங்க. ஆனா மெஷின் மட்டும் அங்கேயே இருக்கட்டும்னுட்டாங்க.